பற்றவைப்புக்கு ஏற்ற ராடும் அளவான ஆம்பியரும்

உழவுக்கும் நெசவுக்கும் இரும்பின் துணை இன்றியமையாதது. கலப்பைக் கொழு, கல்டிவேட்டர், டிரெய்லர், கிணற்றுப் பம்பு, தறியின் இரும்புச் சட்டம், சங்கக் கிடங்கின் கதவு ஆகிய யாவும் என்றேனும் ஒருநாள் விரிசல் காண்பனவே. விரிசல் கண்டதும் நாம் வெல்டிங் பட்டறையை நாடுகிறோம். கிருஷ்ணகிரி–திருவண்ணாமலைச் சாலையும் சேலம்–திருப்பத்தூர்ச் சாலையும் கூடும் ஊத்தங்கரையில் இத்தகைய பட்டறைகளுக்குக் குறைவில்லை. மாங்காய்ப் பருவத்திலும் கரும்பு வெட்டும் காலத்திலும் அவற்றுக்கு ஓய்வும் இராது.

வேலையை ஒப்படைக்கும் நாம் பெரும்பாலும் இரண்டே கேள்விகளைக் கேட்கிறோம். "எவ்வளவு ஆகும்?" என்பது ஒன்று, "எப்போது கிடைக்கும்?" என்பது மற்றொன்று. "என்ன ராடு? எத்தனை ஆம்பியர்?" என்று கேட்பவர் மிகச் சிலரே. ஆனால் ஒட்டு நிற்பதும் விட்டுப்போவதும் இக்கேள்விகளின் விடையையே பெரிதும் பொறுத்துள்ளன. பாரம் ஏற்றிய டிரெய்லரை டிராக்டருடன் பிணைக்கும் இணைப்புத் தண்டு, நடுச்சாலையில் விட்டுப்போகுமாயின் இழப்பு சரக்கோடு நில்லாது. பின்னே வருவோர் உயிருக்கும் அது கேடாகும். ஆதலால் பட்டறை நடத்துவோரும், பட்டறையில் வேலை கொடுப்போரும், சங்க நிர்வாகிகளும் ஒருங்கே அறிய வேண்டிய பாடமாக இதனை இங்கே எடுத்துக்கொள்வோம்.

ஆம்பியர் செய்யும் வேலை

ராடின் நுனிக்கும் இரும்புக்கும் இடையே சிறு இடைவெளி விட்டால், மின்சாரம் அவ்விடைவெளியைத் தாண்டிப் பாய்கிறது. அந்தச் சுடரின் வெப்பம் பல்லாயிரம் டிகிரி. அதில் ராடும் உருகுகிறது. ஒட்டப்படும் இரும்பின் விளிம்பும் உருகுகிறது. இரண்டும் ஒரே குழம்பாகக் கலந்து ஆறினால்தான் அது பற்றவைப்பு ஆகும். ராடு மட்டும் உருகி, இரும்பு உருகாமல் இருந்தால், அது சுவரின் மேல் ஒட்டிய சேறு போன்றது. பார்வைக்கு ஒட்டியிருக்கும், பாரம் வந்தால் உரிந்துவிடும்.

ராடின் மேலுள்ள பூச்சுக்கும் பெரும் பங்குண்டு. அது எரிந்து உண்டாகும் வாயு, உருகிய இரும்பைக் காற்றிலிருந்து காக்கிறது. கசடாக மேலே படிந்து அது மெல்ல ஆறுவதற்கும் துணைசெய்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் ஸ்வீடன் நாட்டின் ஆஸ்கர் செல்பெரி என்பார், கப்பல்களின் கொதிகலன்களைப் பழுதுபார்க்கும் பணியிலிருந்தே பூச்சு ராடைக் கண்டறிந்தார். ஆகவே இது பழுதுபார்ப்பவரின் தேவையில் பிறந்த சாதனம் எனலாம்.

சுடரில் எழும் வெப்பத்தைக் கணக்கிடுவது எளிது. 110 ஆம்பியர் மின்சாரம் 24 வோல்ட்டில் பாயுமானால், 110ஐ 24ஆல் பெருக்க 2,640 வாட் வருகிறது. 1,000 வாட் அடுப்புகள் இரண்டரையின் வெப்பம் ஒரு மொச்சைக்கொட்டை அளவு இடத்தில் குவிகிறது என்று கொள்க. ஆம்பியர் கூடினால் வெப்பம் கூடும். கை விரைந்து நகர்ந்தால் ஓரிடத்தில் தங்கும் வெப்பம் குறையும். இருமடங்கு விரைவில் நகர்த்தினால் அவ்விடத்துக்குப் பாதி வெப்பமே கிட்டும். எனவே ஆம்பியரும் கை விரைவும் ஒன்றுக்கொன்று இசைந்து இருத்தல் வேண்டும்.

முதலில் இரும்பை அறிக

எந்த ராடு என்று தேர்வதற்குமுன், எந்த இரும்பு என்று அறிய வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளுக்கு வருவனவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, மெது இரும்பு. ஆங்கிள், சேனல், தகடு, சதுரக் குழாய் முதலியன இவ்வகையின. இவற்றை ஒட்டுவது எளிது.

இரண்டாவது, கரிமம் மிகுந்த எஃகு. கல்டிவேட்டரின் கொழு, கொத்து முனைகள், வில் பட்டை முதலியன இதில் அடங்கும். ஒட்டியபின் விரைந்து ஆறினால், ஒட்டின் ஓரத்தில் இவ்வெஃகு கண்ணாடிபோல் விறைத்து வெடித்துவிடும்.

மூன்றாவது, வார்ப்பிரும்பு. பம்பின் உடல், பழைய ஆயில் எஞ்சின் பாகங்கள், பல்சக்கர உறைகள் ஆகியன இவ்வினத்தவை. இதற்கு வளையும் தன்மை இல்லை.

நான்காவது, துத்தநாகம் பூசிய குழாயும் தகடும். துத்தநாகம் எரியும்போது எழும் வெண்புகை காய்ச்சலும் நடுக்கமும் தரும். ஒட்டும் இடத்திலுள்ள பூச்சைத் தேய்த்து நீக்கிவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்தல் வேண்டும்.

கண்ணால் வேறுபடுத்த இயலாதபோது சாணைச் சக்கரத்தில் தொட்டுப் பார்க்கலாம். மெது இரும்பின் பொறிகள் நீண்டு, வைக்கோல் நிறத்தில், அதிகம் கிளைக்காமல் ஓடும். கரிமம் மிகுந்த எஃகின் பொறிகள் நுனியில் மத்தாப்புப்போல் பூப்பூவாகச் சிதறும். வார்ப்பிரும்பின் பொறிகள் குறுகிச் செந்நிறமாக இருக்கும். இச்சோதனைக்குச் செலவு ஏதும் இல்லை.

பெட்டியின்மேல் உள்ள எண்கள்

ராடுப் பெட்டியின்மேல் "ஈ 6013" என்றோ "ஈ 7018" என்றோ அச்சிட்டிருப்பதைக் காணலாம். இது அமெரிக்க முறைக் குறியீடு. முதல் இரண்டு எண்கள் ஒட்டின் வலிமையைக் குறிப்பன. 60 என்றால் சதுர அங்குலத்துக்கு 60,000 பவுண்டு இழுவையைத் தாங்கும் என்பது பொருள். 70 என்றால் 70,000 பவுண்டு. மூன்றாம் எண் 1 ஆயின், கிடையாகவும் செங்குத்தாகவும் தலைக்குமேலும் அந்த ராடைப் பயன்படுத்தலாம். கடைசி எண் பூச்சின் வகையைக் காட்டும். நம் நாட்டுத் தரமான ஐ.எஸ். 814இன்படி உள்ள குறியீட்டில், "ஆர்" என்னும் எழுத்து ரூட்டைல் பூச்சையும், "பி" என்னும் எழுத்து காரப் பூச்சையும் குறிக்கும். பெட்டியில் ஐ.எஸ்.ஐ. முத்திரை உண்டா என்று பார்த்து வாங்குக.

6013 ரூட்டைல் பூச்சு உடையது. எளிதில் சுடர் பற்றும், ஏ.சி. மின்சாரத்திலும் டி.சி. மின்சாரத்திலும் இயங்கும்; கசடு எளிதில் உரியும். சட்டம், கதவு, மெல்லிய தகடு ஆகியவற்றுக்கு இது போதுமானது.

7018 காரப் பூச்சு உடையது. ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் ஒட்டில் புகாமல் காப்பதே இதன் சிறப்பு. அந்த வாயு புகுந்தால், ஒட்டு ஆறிச் சில மணி நேரம் கழித்தும் உள்ளுக்குள் விரிசல் காணலாம். ஆகவே அதிர்ச்சியும் பெரும் பாரமும் தாங்கவேண்டிய இணைப்புத் தண்டு, அச்சுத் தாங்கி, தடித்த தகடு, கரிம எஃகு ஆகியவற்றுக்கு 7018ஐக் கேட்டுப் பெறுதல் நலம். டி.சி. இயந்திரத்தில் இதற்கு ராடைப் பாசிட்டிவ் முனையில் இணைக்க வேண்டும்.

கரிம எஃகை ஒட்டுமுன் 150 முதல் 250 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றி, ஒட்டியபின் உலர்ந்த சாம்பலிலோ சுண்ணாம்புத் தூளிலோ புதைத்து மெல்ல ஆறவிடுக. தண்ணீர் ஊற்றி ஆற்றுவது அதனை நாமே உடைப்பதற்கு ஒப்பாகும்.

வார்ப்பிரும்புக்கு நிக்கல் ராடே தக்கது, விலை கூடுதல்தான். ஆயினும் 6013ஆல் ஒட்டிய வார்ப்பிரும்பு, ஒட்டை ஒட்டியே மீண்டும் வெடிப்பது வழக்கம். பெட்டியில் குறித்த ஆம்பியரில் கீழ் எல்லையை ஒட்டி வைத்து, ஓர் அங்குலம் ஒட்டியதும் நிறுத்தி, சுத்தியலால் மெல்லத் தட்டி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியபின் அடுத்த அங்குலத்தைத் தொடங்க வேண்டும். பொறுமையற்றவர் இவ்வேலையை ஏற்காதிருப்பதே நன்று.

நம்பரும் தடிமனும்

கடைகளில் "8 நம்பர், 10 நம்பர், 12 நம்பர்" என்று ராடுகளைக் கேட்பது வழக்கம். இது பழைய கம்பி அளவு முறை. நம்பர் பெரிதானால் ராடு மெல்லியதாகும். இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் நெசவாளருக்குப் புதிதன்று. 40ஆம் நம்பர் நூலைவிட 80ஆம் நம்பர் நூல் மெல்லியது என்பதை அவர் அன்றாடம் காண்கிறார். ராடும் அவ்வாறே. 12 நம்பர் என்பது ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர், 10 நம்பர் 3.15 மில்லிமீட்டர், 8 நம்பர் 4 மில்லிமீட்டர். இது உள்ளிருக்கும் கம்பியின் தடிமன். பூச்சு இதில் சேராது.

இரும்பின் தடிமனுக்கு ஏற்ப ராடின் தடிமனைத் தேர்க. 2 முதல் 4 மில்லிமீட்டர் வரையுள்ள இரும்புக்கு 2.5 மில்லிமீட்டர் ராடு. 4 முதல் 8 வரை 3.15, அதற்கு மேற்பட்டதற்கு 4 மில்லிமீட்டர் ராடு பொருந்தும். தடித்த இரும்பிலும் அடிப்பகுதியின் முதல் வரிசைக்கு மெல்லிய ராடே நல்லது. இடுக்கின் அடிவரை அதுதான் எட்டும்.

ஆம்பியரைக் கணக்கிடும் முறை

ராடின் தடிமனில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 35 ஆம்பியர் என்று தொடங்குக. 2.5 மில்லிமீட்டர் ராடுக்கு ஏறத்தாழ 87 ஆம்பியர், 3.15க்கு 110, 4க்கு 140. இது தொடக்கமே அன்றி முடிவன்று. 6013 ராடுக்குப் பொதுவாக வழங்கும் எல்லைகள் வருமாறு:

2.5 மில்லிமீட்டர்: 60 முதல் 90 ஆம்பியர் வரை.
3.15 மில்லிமீட்டர்: 90 முதல் 130 ஆம்பியர் வரை.
4 மில்லிமீட்டர்: 140 முதல் 180 ஆம்பியர் வரை.

7018 ராடு இதனினும் சற்றுக் கூடுதல் ஆம்பியர் கேட்கும். உற்பத்தியாளர் பெட்டியின்மேல் அச்சிட்ட எல்லை வேறாக இருப்பின் அதனையே பின்பற்றுக. செங்குத்தாகவும் தலைக்குமேலும் ஒட்டும்போது உருகிய இரும்பு வழியாமலிருக்க, 10 முதல் 15 சதவீதம் குறைக்க வேண்டும். 110 ஆம்பியரில் கிடையாக ஒட்டியவர், செங்குத்தில் 95 முதல் 100க்குள் வைத்துக்கொள்வது பொருந்தும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கோபாலபுரத்துச் சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிச் செல்லும் டிரெய்லர் ஒன்றின் இணைப்புத் தண்டில், 8 மில்லிமீட்டர் தகடு விரிசல் கண்டது என்று கொள்வோம். விரிசலின் மேலேயே ஒரு வரிசை ஓட்டிவிடுவது பயனற்றது. அடியில் விரிசல் அப்படியே இருக்கும். சாணைச் சக்கரத்தால் விரிசலின் அடிவரை கலப்பைச் சால்போலத் தோண்டுக. பெயின்ட், துரு, எண்ணெய் ஆகியவற்றை நீக்குக. உலர்ந்த 7018 ராடு, 3.15 மில்லிமீட்டர், 115 ஆம்பியர் அளவில் முதல் வரிசையை இடுக. கசடை முற்றும் தட்டித் துலக்கியபின் அடுத்த வரிசைகளை இட்டு நிரப்புக. சால் ஆழமாக இருந்தால் விதை வேர்பிடிப்பதுபோல், ஒட்டும் அடிவரை வேர்பிடிக்க வேண்டும்.

கண்ணும் காதும் காட்டும் அடையாளங்கள்

இயந்திரத்தின் முள் காட்டும் எண்ணைவிட ஒட்டின் தோற்றமே நம்பத்தக்க சாட்சி.

ஆம்பியர் குறைந்தால் ராடு அடிக்கடி இரும்போடு ஒட்டிக்கொள்ளும். சுடர் அணைந்து அணைந்து எரியும். ஒட்டு கயிறு கிடத்தியதுபோல் உயர்ந்து குவியும். ஓரங்கள் இரும்போடு இழையா.

ஆம்பியர் மிகுந்தால் ராடு பாதி எரியுமுன்னே சிவந்து, பூச்சு உதிரும். பொறிகள் எங்கும் தெறிக்கும். ஒட்டின் ஓரத்தில் இரும்பு அரித்ததுபோல் பள்ளம் விழும். மெல்லிய தகடு ஓட்டையாகும். ஓரப் பள்ளம் விழுந்த ஒட்டு, பாரம் ஏறும்போது அப்பள்ளத்திலேயே கிழியத் தொடங்கும்.

அளவாக இருந்தால் எண்ணெயில் பலகாரம் வேகும்போது எழும் இடையறாத ஓசை கேட்கும். ஒட்டு சீரான அலைகளுடன் இருபுறமும் இழைந்து படியும். சுடரின் நீளம் ராடின் கம்பித் தடிமன் அளவே இருத்தல் வேண்டும். 7018க்கு அதனினும் குறைவு. கண்ணைக் காக்கும் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் எவரும் சுடரைப் பார்க்கலாகாது. அருகில் நிற்கும் சிறுவரையும் அகற்றுக.

மின்னழுத்தம் செய்யும் மாயம்

கிராமப் பட்டறைகளில் முள் 110ஐக் காட்டினும் ராடுக்கு 110 வந்து சேரும் என்பது உறுதியன்று. 230 வோல்ட் வரவேண்டிய கம்பியில், பம்புசெட்டுகள் ஒருங்கே ஓடும் வேளையில் அழுத்தம் தாழும். பழைய டிரான்ஸ்பார்மர் வகை இயந்திரத்தில் அதற்கேற்ப ஆம்பியரும் தாழும். நீண்ட மெல்லிய கேபிளும், துருவின்மேல் பிடித்த எர்த் கிளிப்பும் மேலும் குறைக்கும். காலையில் நன்கு ஒட்டியவர் மாலையில் அதே எண்ணில் வைத்தும் கெட்ட ஒட்டைப் பெறுவது இதனாலேயே. இன்வெர்ட்டர் வகை இயந்திரம் இவ்வேற்றத்தாழ்வை ஓரளவு சமாளிக்கும். இயந்திரத்தில் "200 ஆம்பியர், 60 சதவீதம்" என்று குறித்திருந்தால், அந்த அளவில் 10 நிமிடத்துக்கு 6 நிமிடமே இயக்கலாம். மீதி 4 நிமிடம் ஆறவிட வேண்டும்.

உழவுக்கென வழங்கப்பட்ட மின் இணைப்பிலிருந்து வெல்டிங் இயந்திரத்தை இயக்குவது, அனுமதித்த பயனுக்குப் புறம்பானது என்பதையும் உறுப்பினர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

சுருள் கம்பி முறை

ஓசூர்த் தொழிற்சாலைகளில் பணிபுரிந்து ஊர் திரும்பும் இளைஞர்கள், ராடுக்கு மாற்றாகச் சுருள் கம்பியால் ஒட்டும் மிக் இயந்திரத்தைப் பழகி வருகிறார்கள். இதில் கம்பி வெளிவரும் விரைவைக் கூட்டினால் ஆம்பியர் கூடும். வோல்ட்டைத் தனியே வைத்து இரண்டையும் இசைக்க வேண்டும். மெல்லிய தகட்டுக்கும் தறிச் சட்டக் குழாய்க்கும் 0.8 மில்லிமீட்டர் கம்பி ஏற்றது. தடித்த இரும்புக்கு 1.2 மில்லிமீட்டர். "ஈ.ஆர். 70 எஸ்-6" எனும் திடக் கம்பிக்கு கரியமில வாயுவோ கலப்பு வாயுவோ வேண்டும், கம்பி பாசிட்டிவ் முனையில் இருக்கும். வாயு வேண்டாத, உள்ளே மருந்து நிறைந்த கம்பி பெரும்பாலும் நெகட்டிவ் முனையில் இணைக்கப்படுவது. முனை மாறினால் பொறி தெறித்து ஒட்டு கெடும். திறந்த களத்தில் காற்று வாயுவை அடித்துச் சென்றுவிடுமாதலால், அங்கே ராடு முறையே சிறந்தது.

முறித்துப் பார்க்கும் சோதனை

ஒட்டின் மேற்புறம் அழகாக இருப்பது அதன் உள்ளுறுதிக்குச் சான்றாகாது. 1943 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில், சோதனை ஓட்டம் முடித்துத் துறையில் நின்ற "ஸ்கெனெக்டடி" என்னும் எண்ணெய்க் கப்பல், அமைதியான நீரிலேயே இரண்டாகப் பிளந்தது. எஃகின் தன்மையும் பற்றவைப்பின் குறைகளும் ஆய்வாளர்களின் கவனத்துக்கு வந்தன. நம் மாநிலத்திலும் திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனத்தில் 1975இல் பற்றவைப்புக்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. பெருந்தொழிலில் இத்துணை ஆராயப்படும் செய்தியை, நாம் கண்மதிப்பில் விட்டுவிடலாகாது.

நம் பட்டறைக்கு ஏற்ற சோதனை எளியது. வேலைக்குரிய அதே தடிமனில் இரண்டு கழிவுத் துண்டுகளை எடுத்து, ஒன்றின்மேல் மற்றொன்றைச் செங்குத்தாக நிறுத்தி ஒரு புறம் மட்டும் ஒட்டுக. நன்கு ஆறியபின் பட்டறைப் பிடியில் இறுக்கி, ஒட்டு விரியும் வகையில் நிற்கும் துண்டைச் சுத்தியலால் அடித்து மடக்குக. ஒட்டு முறிந்தால் முறிந்த முகத்தைப் பார்க்க வேண்டும். மூலையில் இரும்பின் பழைய விளிம்பு உருகாமல் நேர்கோடாகத் தெரிந்தால் ஆம்பியர் போதவில்லை, அல்லது கை விரைந்துவிட்டது. சிறு துளைகள் நிறைந்திருந்தால் ராடு ஈரமானது, அல்லது இரும்பு அழுக்கானது. கறுப்புக் கசடு சிக்கியிருந்தால் துலக்கியது போதாது. ஒட்டு முறியாமல் தகடே வளைந்து படுத்தால் வேலையைத் தொடங்கலாம். இதற்கு ஆகும் செலவு ஒரு ராடும் இரண்டு துண்டு இரும்பும் கால்மணி நேரமுமே.

சங்கங்கள் செய்யத்தக்கவை

டிராக்டரும் கருவிகளும் வாடகைக்கு விடும் சங்கங்கள், பழுதுபார்க்கும் செலவுச் சீட்டில் "வெல்டிங் கூலி" என்று ஒரே சொல்லில் எழுதி முடிப்பதைப் பார்வையிடுகையில் காண்கிறோம். அச்சீட்டில் ராடின் குறியீடு, தடிமன், வைத்த ஆம்பியர் ஆகிய மூன்றையும் எழுதச் செய்தல் வேண்டும். ஒட்டு பின்னர் விட்டுப்போனால் காரணம் காணவும், அடுத்த முறை திருத்தவும் அதுவே வழி.

ராடுகளை மொத்தமாக வாங்கும்போது, குறியீட்டையும் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் குறிப்பிட்டே விலைப்புள்ளி கோருக. குறிப்பிடாமல் மிகக் குறைந்த விலைக்கு வாங்கியது சிக்கனம் ஆகாது.

உர மூட்டைக்கு அருகிலோ ஈரத் தரையிலோ ராடுப் பெட்டிகளை வைக்கலாகாது. ஈரம் ஏறிய 6013ஐ 100 முதல் 110 டிகிரியில் ஒரு மணி நேரம் உலர்த்தினால் போதும். 7018க்கு 300 முதல் 350 டிகிரியில் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் சூளை வெப்பம் வேண்டும். வெயிலில் காயவைப்பது அதற்குப் போதாது. சிறு பட்டறைகள் பல சேர்ந்து பொதுவில் ஓர் உலர்த்தும் அடுப்பு வைத்துக்கொள்வது, தனி ஒருவரால் இயலாததைக் கூடிச் செய்யும் நம் நெறிக்கே உரியது.

உறுப்பினர் குடும்பத்து இளைஞருள் ஆர்வமுள்ளோரைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டர் பிரிவின் ஓராண்டுப் படிப்புக்கு அனுப்பவும் சங்கங்கள் ஊக்குவிக்கலாம். கைப்பழக்கத்தோடு காரணமும் அறிந்த தொழிலாளி ஊருக்கு ஒருவர் இருந்தால் அதன் பயன் பலருக்கும் சேரும்.

இரும்பை அறிந்து ராடைத் தேர்ந்து, ராடை அறிந்து ஆம்பியரை வைத்து, கழிவுத் துண்டில் முறித்துப் பார்த்தபின் வேலையைத் தொடுவது என்னும் இவ்வரிசையைப் பட்டறைச் சுவரில் எழுதி வைக்கலாம். அடுத்த கரும்புப் பருவம் தொடங்குமுன், ஒவ்வொரு சங்கமும் தன் டிரெய்லர்களின் இணைப்புத் தண்டுகளைத் துலக்கி, விரிசல் உண்டா என்று பார்த்து, செப்பனிட வேண்டியவற்றை இம்முறையில் செப்பனிட்டுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.